எமன் வேடம் கலைத்த வாத்தியார்

மேடையில் பாடி நடித்துப் பேரெடுத்த ஒருவர், வேடத்தைக் கலைத்து வைத்துவிட்டுப் பிறர் நடிப்பதற்கென்று நாடகம் எழுதத் தொடங்கும்போது, எதை மேடையிலேயே விட்டு வருகிறார், எதைத் தம்மோடு எடுத்து வருகிறார் என்பது, நாடகக் கலையை ஆராய்வோர் எல்லாரும் எங்கேனும் ஓரிடத்தில் எதிர்ப்பட்டே தீரவேண்டிய வினா. தமிழில் இந்த வினாவுக்கு ஒரு முழு வாழ்க்கையையே விடையாகத் தந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். தூத்துக்குடிக்குப் பக்கத்தில் பிறந்து புதுச்சேரியில் மறைந்த அப்பெரியவரைப் பற்றி, நெகிரி செம்பிலானின் தென்கோடியில் மலாக்கா எல்லையைத் தொட்டுக்கொண்டு கிடக்கும் தம்பினில் உட்கார்ந்து எழுதுவதற்கு எனக்கு ஒரு காரணம் உண்டு. இவ்வட்டாரத்துக் கித்தாத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த என் தலைமுறையார் நாடகம் என்று முதன்முதலில் கண்டது அவர் வகுத்துவைத்த கதைகளைத்தான். அவற்றை வகுத்தவர் பெயரோ எங்களில் பலருக்குத் தலை நரைத்த பிறகே தெரியவந்தது. ஊமைக் கடன் போல் நெடுநாள் மனத்தில் கிடந்த அதை இங்கே கொஞ்சமேனும் தீர்க்க விரும்புகிறேன்.

சுவாமிகள் 1867-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். இயற்பெயர் சங்கரன். தந்தை தாமோதரத் தேவர் இராமாயணத்தில் ஆழ்ந்த பயிற்சியுடையவர். ஊரார் அவரை இராமாயணப் புலவர் என்றே அழைத்தார்கள். பிள்ளைக்கு முதல் ஆசானும் அவரே. பிறகு பழநி தண்டபாணி சுவாமிகளிடம் இலக்கண இலக்கியங்கள் கற்ற சங்கரன், வெண்பாவும் விருத்தமும் சந்தமும் சிந்துமாகப் பாடும் வல்லமையைப் பால்யத்திலேயே பெற்றார். அங்கே உடன் பயின்ற உடுமலை முத்துசாமிக் கவிராயரும் பின்னாளில் நாடகாசிரியராகப் பிரசித்தி பெற்றவர் என்பதை நினைக்கும்போது, ஒரே திண்ணையில் விதைத்த விதை இரண்டு வயல்களில் விளைந்தது போலத் தோன்றுகிறது. ஆயினும் யாப்புத் தெரிந்த இளைஞனுக்கு யாப்பு சோறு போடவில்லை. தூத்துக்குடியில் உப்புப் பண்டகசாலையில் கணக்கெழுதிச் சில காலம் கழித்து, இருபத்து நான்காம் வயதில் அந்தக் கணக்குப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நாடகக் கம்பெனிக்குள் நுழைந்தார்.

அவர் ஏற்ற வேடங்களைக் கவனிக்க வேண்டும். என் கட்டுரையின் அச்சாணி அங்கேதான் இருக்கிறது. சாமி நாயுடு கம்பெனியில் சூத்திரதாரராக நின்றதோடு, இரணியன், இராவணன், எமதருமன், சனீசுவரன் ஆகிய வேடங்களில் அவர் கீர்த்தி பெற்றார். கம்பீரமான உடற்கட்டும் இடி போன்ற சாரீரமும் உள்ளவருக்கு இத்தகைய பாத்திரங்கள் வந்து சேர்வது இயல்பு. அந்த வேடங்களின் உக்கிரத்தைப் பற்றி நாடக உலகத்தில் வழிவழியாக வழங்கும் செய்திகள் இரண்டு. நளன் கதையில் சனீசுவரனாக நடித்துவிட்டு, வேடம் கலைக்க விடியற்காலையில் நீர்நிலைக்குச் சென்றவரை எதிரே கண்ட சலவைத் தொழிலாளிப் பெண் ஒருத்தி அதிர்ச்சியில் உயிர்விட்டாள் என்பது ஒன்று. சாவித்திரி நாடகத்தில் எமனாகத் தோன்றியபோது சபையிலிருந்த கர்ப்பிணி ஒருத்திக்குக் கருச்சிதைவு நேர்ந்தது என்பது மற்றொன்று. இவற்றால் மனம் நொந்து, இனி வேடம் புனைவதில்லை என்று உறுதிபூண்டு, தல யாத்திரை சென்று, துறவுக் கோலம் கொண்டு, சங்கரன் சங்கரதாஸ் சுவாமிகள் ஆனார் என்று அவ்வரலாறு முடிகிறது.

பக்தியோடு போற்றப்படும் இந்த வரலாற்றை நான் மறுக்க வரவில்லை. ஆனால் பிராயச்சித்தமாகவே அவர் நாடகாசிரியர் ஆனார் என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட்டால், அவருடைய எழுத்தின் இரகசியம் நம் கைக்கு அகப்படாமல் போய்விடுகிறது. நடிப்பை விட்ட மனிதர் மேடையை விட்டாரா என்றால், இல்லை. தாம் நின்ற இடத்தை விட்டு எதிர்ப்பக்கத்துக்குப் பெயர்ந்தார், அவ்வளவே. இரணியனாக நின்றவர் பிரகலாதனுக்குப் பாட்டெழுதினார். எமனாக நின்றவர் சாவித்திரியின் வாயில் சொல் வைத்தார். எமன் மேடையில் நிற்கும்போது எந்தச் சொல்லுக்கு அசையமாட்டான், எந்தச் சொல்லுக்கு ஒரு கணம் தயங்குவான், எந்தச் சொல்லில் சிக்கிக்கொண்டு வரம் கொடுத்துவிடுவான் என்பதை எமனாக நின்று கேட்டவரன்றி யார் அறிவார்? அவர் நாடகங்களின் உயிர்நிலை தர்க்கம். பிரகலாதனும் இரணியனும், சாவித்திரியும் எமனும், வள்ளியும் நாரதரும், அல்லியும் அருச்சுனனும், கண்ணகியும் பாண்டியனும் எதிரெதிர் நின்று சொல்லுக்குச் சொல் தொடுக்கும் கட்டங்களுக்காகவே சபையோர் விழித்திருப்பார்கள். அந்த வாதங்களில் பலமற்ற பக்கம் வெல்கிறது. பெண்ணும் பிள்ளையும் அரசனையும் தேவனையும் மறித்துக் கேள்வி கேட்கிறார்கள். வில்லன் என்று இப்போது சொல்கிறோமே, அந்தப் பக்கத்தில் வருஷக்கணக்காக நின்று பழகிய ஒருவரின் மனத்திலிருந்தே இத்தகைய சமநிலையுள்ள தர்க்கம் பிறக்க முடியும் என்பது என் அபிப்பிராயம். ஏனெனில் அவர் நாடகத்தில் எமனும் அசடன் அல்லன். அவனுக்கும் நியாயம் உண்டு, அதைச் சொல்ல நல்ல பாட்டும் உண்டு.

யாத்திரை முடிந்து வந்தவரை மீண்டும் மேடைக்கு இழுத்ததில் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளைக்குப் பெரும்பங்கு உண்டு. கஞ்சிரா என்னும் சிறு வாத்தியத்துக்குக் கச்சேரி மேடையில் கௌரவமான ஸ்தானம் பெற்றுத் தந்த அந்த மகாவித்துவான், சுவாமிகளைத் தம் வளர்ப்புப் பிள்ளையாகவே பாவித்து லய நுட்பங்களைக் கற்பித்தார். யாப்பைப் பழநியாரிடமும் தாளத்தைப் புதுக்கோட்டையாரிடமும் மேடையை மேடையிடமும் கற்றவர் சுவாமிகள். அதன்பின் வள்ளி வைத்தியநாதய்யர், அல்லி பரமேசுவர ஐயர் முதலியோரின் சபைகளில் அவர் ஆசிரியராக அமர்ந்தார். மனிதர் பெயரோடு பாத்திரத்தின் பெயர் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு அக்காலத்து ஜனங்கள் நாடகத்தில் தோய்ந்திருந்தார்கள் என்பதற்கு இந்தப் பெயர்களே சாட்சி.

அக்காலத்து மேடையின் நிலையையும் இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். திரைச்சீலைகளும் ஆர்மோனியமும் வேகமான மெட்டுகளுமாகப் பார்சி நாடகக் கம்பெனிகள் பம்பாயிலிருந்து நாலாதிசையும் புறப்பட்ட காலம் அது. மராட்டியத்தில் அண்ணாசாகேப் கிர்லோஸ்கர் 1880-இல் சாகுந்தலத்தை இசை நாடகமாக மேடையேற்றினார்; வங்காளத்தில் கிரீஷ் சந்திர கோஷ் தாமே நடித்துக்கொண்டு தாமே எழுதினார். நம் மலாயா வாசகர்கள் தனியே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அதே பார்சிக் காற்று 1870-களில் கடல் கடந்து பினாங்கில் வந்து இறங்கி, 1885-இல் மாமாக் புஷி என்பவர் தொடங்கிய கம்பெனியின் வழியாக மலாய்க்காரர்களின் பங்சாவான் நாடகமாக வேரூன்றியது. ஆகவே, பங்சாவான் மேடையில் கேட்ட ஆர்மோனியமும் எங்கள் தோட்டத்துக் கோயில் கொட்டகையில் கேட்ட ஆர்மோனியமும் ஒரே வயிற்றில் பிறந்தவை. தம்பின் கடைத்தெருவில் அக்கம்பக்கமாக வாழ்ந்த இரு சமூகங்கள் தமக்குள் இப்படியோர் உறவு இருப்பதை அறியாமலே இருந்துவிட்டன.

சுவாமிகள் கம்பெனியில் புகுந்த அதே 1891-இல்தான் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். பல்லாரியிலிருந்து வந்த சரச வினோதினி சபையாரின் தெலுங்கு நாடகங்கள் அதற்குத் தூண்டுகோல். முதலியாரும் நடிகர், நாடகாசிரியர். ஆங்கிலக் கல்வி பெற்ற வக்கீல், பின்னர் நீதிபதி. அவர் பாட்டைக் குறைத்து வசனத்தை வளர்த்தார். கற்றவர்கள் நடிப்பதில் இழிவில்லை என்று நிலைநாட்டினார். அவர் தொண்டு பெரிது. ஆனால் நாடகத்தாலேயே வயிறு வளர்க்க வேண்டியிருந்த, எழுத்து வாசனையே இல்லாத நூற்றுக்கணக்கான கூத்தாடிக் குடும்பங்களுக்கு ஓர் ஒழுங்கும் ஒரு பாடமும் தந்தவர் சுவாமிகளே. அவர் வருமுன் கதை தெரியும், பாட்டுகள் சில தெரியும், மற்றபடி அன்றைக்கு வாயில் வந்ததே வசனம். அதை நெறிப்படுத்திக் குறளும் நாலடியும் கலந்த எதுகை மோனை நடையில் வசனம் அமைத்து, இடத்துக்கேற்ற ராகத்தில் பாட்டு அமைத்து, வாயால் சொல்லி வாயால் வாங்கக்கூடிய வடிவத்தில் கொடுத்தார். எதுகையும் மோனையும் புலமைக்கு அலங்காரம் என்று நாம் நினைக்கிறோம். படிக்கத் தெரியாத நடிகனுக்கு அவையே ஞாபகத்தின் கைப்பிடி. ஒலிபெருக்கி இல்லாத திறந்த வெளியில் ஆயிரம் பேருக்குக் கேட்க வேண்டிய பாட்டில், உச்ச ஸ்தாயியில் நிற்கும் இடத்தில் குறுகிய எழுத்து வந்து தொண்டையை அடைத்தால் என்ன ஆகும் என்பதும் மேடையில் மூச்சுத் திணறிப் பழகியவருக்கே தெரிந்த சங்கதி. அவர் பாட்டுகளைப் பாடிப் பார்க்கிறவர்கள் அந்த அனுபவ ஞானத்தை அடிதோறும் உணர்வார்கள்.

வயது வந்த நடிகர்கள் கட்டுப்பாட்டுக்கு அடங்குவதில்லை என்று கண்ட சுவாமிகள் சிறுவர்களை வைத்துச் சபை நடத்தும் முறையில் இறங்கினார். 1910-இல் அமைந்த சமரச சன்மார்க்க நாடக சபையில் பயின்ற செங்கோட்டைச் சிறுவன் கிட்டப்பாவின் குரலைப் பின்னாளில் தமிழுலகமே கொண்டாடியது. 1918-இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் டி.கே.எஸ். சகோதரர்கள் சேர்ந்தார்கள், அவர்களுள் சண்முகத்துக்கு அப்போது வயது ஆறு. அந்தச் சிறுவனின் திறமையை மனத்தில் வைத்துச் சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை, நான்கு மணி நேரம் நடக்கக்கூடியதை, நூற்றுக்கு மேற்பட்ட பாடல்களோடும் வசனங்களோடும் ஒரே இரவில் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி முடித்தார் என்று சண்முகமே பிற்காலத்தில் பதிவுசெய்திருக்கிறார். கற்பனையின் வேகம் என்று இதை வியப்பது எளிது. நான் வியப்பது வேறு. ஒரு குறிப்பிட்ட சிறுவனின் தொண்டை எவ்வளவு தூரம் ஏறும், எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை அளந்து வைத்துக்கொண்டு, அந்த அளவுக்குச் சட்டை தைப்பது போல நாடகம் தைத்தாரே, அதுதான் வியப்பு. தம் சொந்தக் குரலை மேடையிலிருந்து எடுத்துக்கொண்ட மனிதர், பிறகு வாழ்நாளெல்லாம் பிறர் குரல்களைக் கவனித்துக்கொண்டே இருந்தார்.

பாய்ஸ் கம்பெனி வாழ்க்கையில் துன்பமும் உண்டு. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆறு வயதிலும் ஏழு வயதிலும் தாய் தந்தையரை விட்டுப் பிரிந்து, கண்விழித்து, அடிபட்டு, குரல் உடைந்ததும் மதிப்பிழந்த பிள்ளைகள் அநேகர். அந்த முறை தந்த கலைஞர்களை நாம் கொண்டாடும்போது, அது தொலைத்துவிட்ட பிள்ளைகளையும் ஒரு கணம் நினைக்கத்தான் வேண்டும். நாடகங்களிலும் குறைகள் இல்லாமலில்லை. பாட்டுகள் சில இடங்களில் கதையை மேலே நகரவிடாமல் கட்டிப்போடுகின்றன. நல்லதங்காள் போன்ற கதைகளில் பெண்ணின் துயரம் இரசிக்கப்படும் பொருளாகிவிடும் ஆபத்தும் இருக்கிறது. ஆனால் இவற்றைச் சொல்லி அவரைத் தள்ளிவிட முயன்ற விமரிசகர்கள் பலர், அந்த நாடகங்களைப் புத்தகத்தில் படித்தவர்களேயன்றி விடிய விடிய உட்கார்ந்து பார்த்தவர்கள் அல்லர்.

ஏறத்தாழ 40 நாடகங்கள் அவர் பெயரில் வழங்குகின்றன. ஷேக்ஸ்பியரையும் தமிழ் மேடைக்குத் தழுவியவர் அவர். 1921-இல் சென்னையில் பக்கவாதம் கண்டு, 1922-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் நாள் புதுச்சேரியில் காலமானார். கருவடிக்குப்பத்தில் அவர் சமாதி இருக்கிறது. அவருக்குப் பின் அவருடைய பாடம் இரண்டு வழிகளில் பிரிந்தது. ஒன்று டி.கே.எஸ். சகோதரர்கள் போன்றோர் சபை வைத்து நடத்திய வழி. மற்றொன்று ஸ்பெஷல் நாடகம். அதில் ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார், பபூனும் ஆர்மோனியக்காரரும் இன்னும் இரண்டு ஊர்களிலிருந்து வந்து சேர்வார்கள், ஒத்திகை கிடையாது, பல தடவைகளில் ஒருவரையொருவர் அன்றுதான் பார்ப்பார்கள். ஆயினும் இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும் வரை 'வள்ளி திருமணம்' பிசகில்லாமல் நடக்கும். எப்படி? எல்லாருக்கும் சுவாமிகளின் பாடம் பொது. பாட்டுகளின் வரிசை பொது. தர்க்கம் எங்கே தொடங்கி எங்கே முடியும் என்பது பொது. நடுவில் அவரவர் சாமர்த்தியத்துக்கு இடமும் உண்டு. நாடக இலக்கியம் என்பது அச்சேறி நூலகத்தில் தூங்குவது என்று எண்ணுகிறவர்கள், அந்நியர் நால்வரை ஒரே இரவில் ஒரு குடும்பமாக்கும் இந்தப் பொதுப் பாடத்தை எந்த வகையில் சேர்ப்பார்களோ தெரியவில்லை.

அந்தப் பாடம் கடல் கடந்த கதைக்கு வருகிறேன். கப்பலேறி வந்த சஞ்சித் தொழிலாளிகளும் கங்காணி ஆட்களும் மூட்டையில் புத்தகம் கொண்டுவரவில்லை. நெஞ்சில் கொண்டுவந்தது காமன் கூத்தும் தெம்மாங்கும் நாடகப் பாட்டுகளும். பின்னால் கிராமபோன் தட்டுகளில் கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் வந்தார்கள். 1934-இல் தியாகராஜ பாகவதர் நடித்த 'பவளக்கொடி' திரைப்படம் வந்தது. அதன் மூலமும் மேடையே. தோட்டத்தில் நாடகம் போடுவதற்கு ஒரு பெரிய இடையூறு உண்டு. விடியுமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டிய சனங்கள் விடியவிடிய எப்படி நாடகம் பார்ப்பது? வெயில் ஏறினால் மரத்தில் பால் ஓடாது. துரையின் கடிகாரம் நாரதருக்காகக் காத்திராது. ஆகவே திருவிழாவை ஒட்டி விடுமுறை கிடைக்கும் இரவு எதுவோ அதுவே நாடக இரவு. லயத்துப் பக்கத்தில் தென்னங்கீற்றுக் கொட்டகை, காஸ் விளக்கு, வேட்டியைத் திரையாகக் கட்டிய மேடை. நடிப்பவர்கள் எங்கள் பால்வெட்டுக்காரர்களே. வெட்டுக் கத்தி பிடித்த கை வேல் பிடித்திருக்கும். கிராணி வீட்டு அம்மா கொடுத்த சேலையில் மீசை மழித்த வாலிபர் வள்ளியாவார்.

'வள்ளி திருமணம்' எங்கள் சனங்களுக்கு ஏன் அவ்வளவு பிடித்தது என்று நான் பல நாள் யோசித்ததுண்டு. தெய்வக் கதை என்பது உண்மை. ஆனால் வள்ளி யார்? மலைச்சரிவில், காட்டின் நடுவே, பரண் மீது நின்று பயிர் காக்கும் வேலைக்காரப் பெண். அவளைத் தேடி வந்தவர்கள் வேடனாகவும் கிழவனாகவும் நாரதராகவும் வந்து பேசிப் பார்க்கிறார்கள். அவள் எல்லாருக்கும் பதில் சொல்கிறாள். இருட்டோடு எழுந்து வாளியும் கத்தியுமாகக் கித்தாக் காட்டுக்குள் தனியே நிரை பிடித்துப் போகும் பெண்களுக்கு, வழியில் எதிர்ப்படும் மண்டோரிடமும் கங்காணியிடமும் வாய் திறக்க முடியாத அந்தப் பெண்களுக்கு, வள்ளியின் வாயாடித்தனம் எத்தகைய இன்பம் அளித்திருக்கும்! தர்க்கத்தில் அவள் ஒரு நல்ல பதில் சொன்னதும் பெண்கள் உட்கார்ந்திருக்கும் பக்கத்திலிருந்து எழும் அந்த ஆரவாரம் இன்னும் என் காதில் இருக்கிறது.

இதைவிட ஆழமானது சாவித்திரி. தம்பினிலிருந்து மலாக்காவுக்கு 1905 முதல் ஒரு ரயில்பாதை ஓடிக்கொண்டிருந்தது. ஜப்பானியர் ஆட்சியில் அந்தத் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டு, சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே அவர்கள் போட்ட பாதைக்குக் கொண்டுபோகப்பட்டன. இரும்பு போன வழியிலேயே மனிதரும் போனார்கள். 1943-இல் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரம் தமிழ்த் தொழிலாளர் லாரியிலும் ரயிலிலும் ஏற்றப்பட்டு அந்தக் காட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் மாண்டவர்கள் திரும்பவில்லை. திரும்பாதவருக்குச் சடங்கு செய்ய நாள் தெரியாது. தாலியைக் கழற்றுவதா வைத்திருப்பதா என்று சொல்ல ஆளில்லை. யுத்தம் முடிந்து வெகுகாலம் கழித்தும் அத்தகைய பெண்கள் எங்கள் லயத்தில் இருந்தார்கள்.

நான் சிறுவனாக இருந்தபோது ஒரு திருவிழா இரவில் 'சத்தியவான் சாவித்திரி' போட்டார்கள். எமன் வரும் கட்டம். முகத்துக்குக் கரி பூசிச் சிவப்புத் துணி சுற்றிக்கொண்டு, கையில் பாசக் கயிற்றோடு ஒருவர் திரையை விலக்கிப் பாய்ந்து வந்தார். பிள்ளைகள் நாங்கள் அலறிக்கொண்டு பின்னால் ஓடினோம். அக்கதையில் எமன் வந்தால் சபை நடுங்கும், கர்ப்பிணிகள் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லிவைத்திருந்தார்கள். எங்கள் வரிசைக்கு முன்னால், சயாமுக்குப் போன புருஷனின் சேதி வராத ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்து ஓடவில்லை. பாயை இழுத்துக்கொண்டு மேடைக்கு இன்னும் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். சாவித்திரி வேடக்காரர் எமனை மறித்து முதற்கேள்வியைப் பாட ஆரம்பித்தபோது, அந்த அக்காவும் உதடசைத்துக் கூடவே பாடிக்கொண்டிருந்தார். அவருக்கு அந்தப் பாடம் முழுவதும் மனப்பாடம்.